வித்துக்கும் நஞ்சுக்கும் பெயர் எழுதிவைத்தல்

நெல் உமிக்குள் இருக்கும்வரை ஓர் இனத்தை மற்றோர் இனத்திலிருந்து கண்ணாற் பிரித்தறிதல் கடினம். பீ.ஜீ. 352 வெள்ளையரிசி இனம், ஏ.ரீ. 362 சிவப்பரிசி இனம். ஆயினும் இரண்டையும் ஒரே மாதிரியான சாக்குகளிற் கட்டி, ஒரே மூலையில் அடுக்கி வைத்துவிட்டால், விதைப்புக் காலத்தில் எது எதுவென்று கூறுதல் எளிதன்று. தவறு நேர்ந்தால் அது வெளிப்படுவது அறுவடையின் பின்னரே. சிவப்பு மணி கலந்த நெல்லை ஆலைக்காரர் குறைந்த விலைக்கே கொள்வர்.

வயது வேறுபட்ட இனங்கள் கலந்துவிட்டால் நட்டம் இன்னும் பெரிது. பத்தலகொடையில் உருவாக்கப்பட்ட இனங்களுக்குப் பீ.ஜீ. என்னும் எழுத்துக்களும், அம்பலாந்தோட்டையில் உருவாக்கப்பட்டவற்றுக்கு ஏ.ரீ. என்னும் எழுத்துக்களும் இடப்பட்டுள்ளன. எழுத்துக்களின் பின்வரும் இலக்கமும் பொருளற்றதன்று. பீ.ஜீ. 300 மூன்று மாத நெல், பீ.ஜீ. 352, பீ.ஜீ. 358 ஆகியவை மூன்றரை மாத நெல், பீ.ஜீ. 403 நான்கு மாத நெல். மூன்று மாத நெல்லும் மூன்றரை மாத நெல்லும் ஒரு வயலில் கலந்து விளைந்தால், முந்தியது முற்றி மணி உதிரும் வேளையிற் பிந்தியது பச்சையாக நிற்கும். எப்போது அறுத்தாலும் ஒரு பங்கு வீணாகும். ஆகவே சாக்கின் மீது எழுதப்படும் அந்த இலக்கம், நீர் விடும் நாளையும் அறுவடை நாளையும் கமக்காரருக்குக் கூறும் குறிப்பாகும்.

இதனைக் கமக்காரர் அறியாதவரல்லர். கரியாற் கோடிடுதல், சாக்கின் வாயைச் சிவப்பு நூலாற் கட்டுதல், பனையோலைத் துண்டில் எழுதிச் செருகுதல் முதலிய வழக்கங்கள் நெடுங்காலமாக உள்ளன. கரி அழிந்துவிடும்; ஓலையைச் செல்லரிக்கும்; நூலின் நிறத்துக்குரிய பொருள் அதனைக் கட்டியவருக்கு மாத்திரமே தெரியும். அவர் நோயுற்றுப் படுக்கையிற் கிடக்கும்போது மகன் வித்தை எடுக்க நேரிட்டால் அவன் யாரைக் கேட்பான்? இக்காலத்திற் பலரும் உபயோகிக்கும் சாதாரண மாக்கர் பேனையின் மையும் வெயிலில் நிலைப்பதில்லை. அதிலுள்ளது பெரும்பாலும் கரைந்த சாயம். சூரிய ஒளி சில மாதங்களில் அதனை மங்கச் செய்துவிடும்.

தீந்தைப் பேனை

புத்தகக் கடைகளிலும் இரும்புக் கடைகளிலும் பெயின்ற் மாக்கர் என விற்கப்படுவது வேறொரு பேனையாகும். மாணவர் கறுப்புத் தாளிற் சித்திரம் வரைவதற்கும், பெண்கள் கண்ணாடிப் போத்தல், மட்கலம் முதலியவற்றை அலங்கரிப்பதற்கும் இதனை வாங்குவர். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது ஏற்கெனவே இருத்தல் கூடும். இதனுள் இருப்பது மையன்று, தீந்தையே. தைத்தேனியமீரொட்சைட்டு என்னும் நுண்ணிய வெண்பொடி, அதனைப் பொருளின்மீது ஒட்டவைக்கும் பிசின், இரண்டையும் திரவமாக வைத்திருக்கும் கரைப்பான் ஆகியவை அதிற் கலந்துள்ளன. கரைப்பான் ஆவியாகியதும் பிசினும் பொடியும் மெல்லிய படையாக இறுகும். அந்த வெண்பொடி சாயம்போல ஒளியில் மங்குவதில்லை. கீழுள்ள கருநிறத்தையும் நன்கு மறைக்கும். எனினும் பிசின் வெயிலிற் சிறிது சிறிதாகச் சிதையும். ஓர் ஆண்டுக்கு மேல் வெளியிற் கிடந்த எழுத்தைத் தடவினால் விரலில் வெண்தூள் ஒட்டுவது இதனாலேயே. வெளியில் வைக்கும் பெயர்த்தகடுகளைப் போகத்துக்கு ஒரு முறை பார்த்து, வேண்டியவற்றை மீண்டும் எழுதுதல் நன்று.

இப்பேனையில் இருவகையுண்டு. நீரிற் கரையும் தீந்தை கொண்டது தாள், மரம், மட்கலம் ஆகியவற்றுக்கு ஏற்றது. மழையும் வெயிலும் படும் இடத்துக்கும், இரும்பு, கண்ணாடி, பிளாஸ்ரிக் ஆகியவற்றுக்கும் எண்ணெய்த் தீந்தை கொண்டதையே கேட்டு வாங்குதல் வேண்டும்.

வெண்பொடி பாரமானதாகையால் பேனையின் அடியிற் படிந்துவிடும். மூடியைக் கழற்றாது, உள்ளிருக்கும் குண்டு ஓசையுடன் உருளும்வரை நன்கு குலுக்குதல் வேண்டும். பின்னர் முனையை மேல்நோக்கிப் பிடித்து மூடியைத் திறக்கவும். வெயிலிற் கிடந்த பேனையானால் உள்ளே அழுத்தம் மிகுந்து தீந்தை சீறிவரக்கூடும். முனையைப் பழைய தாளொன்றின் மீது பலமுறை அழுத்தித் தீந்தையை வரச்செய்து, அதன் பின்னரே எழுதத் தொடங்குக. எழுதும் பொருளின் மீதே அழுத்தினால் ஒரு பெரிய துளி விழுந்து முதலெழுத்தையே மூடிவிடும். எழுத்துச் சில நிமிடங்களில் உலர்ந்ததாகத் தோன்றினும், ஒரு நாள் கழியும்வரை அதனை நீர்படாது வைத்தல் நலம். வேலை முடிந்தபின் மூடியை இறுக்கிப் பேனையைப் படுக்கையாக வைக்கவேண்டும். கரைப்பான் எளிதிற் தீப்பற்றுவது. அதன் ஆவி தலையிடி தருவது. அடுப்புக்கு அண்மையிலும் அடைத்த அறையிலும் இதனை உபயோகித்தல் ஆகாது.

எழுத்து விரைவில் உரிந்துவிடுகிறதென்று சிலர் குறைகூறுவர். அதற்குப் பெரும்பாலும் பேனை காரணமன்று. எழுதப்பட்ட பரப்பே காரணம். தூசும் எண்ணெயும் ஈரமும் உள்ள இடத்தில் எந்தத் தீந்தையும் பிடிக்காது. சவர்க்காரம் இட்டுக் கழுவி, முற்றாக உலர்ந்தபின் எழுதவேண்டும். கறுப்புப் பொலித்தீன் குழாய், மழமழப்பான பிளாஸ்ரிக் வாளி ஆகியவற்றின் பரப்பை முதலில் அரத்தாளினால் தேய்த்துச் சிறிது சொரசொரப்பாக்குதல் இன்றியமையாதது. வெண்ணிற உரச்சாக்கின் மீது வெள்ளை எழுத்துத் தெரியாதென்பதைக் கூறவேண்டியதில்லை. அச்சாக்குக்குக் கறுப்புத் தீந்தை பூசிய ஒரு தகரத் துண்டை எழுதிக் கட்டிவிடலாம். பேனை வாங்க வசதியில்லாதவர் அலுமினியத் தகட்டில் ஆணியாற் கீறினாலும் போதும். பார்வைக்கு அழகில்லையாயினும் அந்தக் கீறல் தீந்தை எழுத்தைவிட நெடுங்காலம் நிலைக்கும்.

வித்துக்கு எழுதவேண்டியவை

இனத்தின் பெயரை மாத்திரம் எழுதுதல் போதாது. அறுத்த மாதமும் ஆண்டும், எந்த வயலில் அறுத்தது என்பதும் அதனுடன் இருத்தல் வேண்டும். சில நெல்லினங்கள் அறுத்தபின் சில வாரங்கள் உறங்குநிலையில் இருக்கும். சிறுபோகத்தில் அறுத்த நெல்லைப் பெரும்போகத்துக்கு விதைக்க எண்ணிச் சோதிக்கும் ஒருவர், அது முளைக்காதிருப்பது கண்டு வித்துக் கெட்டதென்று குற்றிச் சோறாக்கிவிடுதல் உண்டு. அறுத்த நாள் சாக்கில் எழுதப்பட்டிருந்தால், இன்னும் சில வாரம் பொறுத்து மீண்டும் சோதிக்கலாம் என்பது விளங்கும்.

நூறு மணிகளை எண்ணி ஈரத்துணியிற் சுற்றி வைத்து, முளைத்தவற்றை எண்ணும் சோதனையைக் கமக்காரர் அறிவர். அந்த எண்ணையும் சோதித்த நாளையும் பெயரின் கீழே எழுதிவிடுக. 85 மணிகளாவது முளைத்த வித்தே விதைப்புக்கு ஏற்றது. வெளியெழுத்து எவ்வளவு நன்றாயினும், சாக்கினுள்ளே பென்சிலால் எழுதிய ஒரு தாள்துண்டையும் இட்டுவைத்தல் விவேகமாகும். பென்சில் எழுத்து மங்குவதில்லை. சாக்குக் கிழிந்து வேறு சாக்குக்கு மாற்றினும் அது வித்துடனேயே செல்லும்.

மரக்கறி வித்துக்களுக்குத் திகதி இன்னும் முக்கியம். பெரிய வெங்காய வித்துச் சாதாரணமாக வீட்டில் வைத்தால் ஓராண்டுக்குள் முளைதிறனிற் பெரும்பகுதியை இழந்துவிடும். கத்தரி, தக்காளி வித்துக்களை நன்கு உலர்த்திக் காற்றுப் புகாத போத்தலில் அடைத்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் வைத்திருக்கலாம். போத்தலில் ஆண்டு இல்லையேல் நாற்றுமேடையிற் காத்திருந்து ஏமாறும் இரு வாரங்கள் வீணாகும். நாற்றுமேடையிலும் எம்.ஐ. 2 மிளகாயையும் கே.ஏ. 2 மிளகாயையும் நாலிலைப் பருவத்தில் எவரும் வேறுபடுத்தியறிதல் இயலாது. வித்திட்ட அன்றே மேடையின் தலைப்பில் எழுதிய தகட்டை நாட்டிவிடவேண்டும். நாளைக்கு நாட்டலாம் என்று விட்ட தகடு பெரும்பாலும் நாட்டப்படுவதில்லை.

நஞ்சும் தெளிகருவியும்

வித்து மாறினால் ஒரு போகம் போகும். நஞ்சு மாறினால் உயிர் போகும். பீடைகொல்லியைச் சோடாப் போத்தலிலோ சாராயப் போத்தலிலோ ஊற்றி வைத்தல் எக்காரணம் பற்றியும் கூடாது. அப்போத்தலின் மீது வெள்ளைத் தீந்தையால் நஞ்சு என்று எழுதிவிட்டாற் போதும் என்று எவரும் கருதவேண்டாம். எழுத்தறியாத குழந்தைக்கும், இருளிற் தாகத்தோடு வரும் முதியவருக்கும் போத்தலின் வடிவமே கண்ணிற் படும். மருந்து அது வந்த கொள்கலத்திலேயே, பூட்டிய பெட்டியினுள் இருத்தல் வேண்டும்.

தீந்தைப் பேனைக்கு இங்கு வேறு வேலை உண்டு. மூலப் போத்தலின் தாட்சுட்டி ஈரத்தினாலும் மருந்து வழிவதினாலும் நைந்து உரியும். அது வாசிக்கக்கூடியதாக இருக்கும்போதே மருந்தின் பெயரையும் அதிலடங்கிய நஞ்சின் பெயரையும், திறந்த நாளையும் போத்தலின் மீதே எழுதிவிடுக. யாரேனும் அருந்திவிட்டாற் போத்தலையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும் என்பது இப்பெயருக்காகவே. ஒகனோபொசுபரசு வகை நஞ்சுக்கு வைத்தியர் அற்றோப்பீன் கொடுப்பர். வேறு நஞ்சுக்குச் சிகிச்சை வேறாகும். பெயர் தெரியாது கழியும் ஒவ்வொரு நிமிடமும் நோயாளிக்கு நட்டமாகும். கூலியாட்களிற் சிங்களம் மாத்திரம் வாசிப்பவர் இருப்பின் இரு மொழியிலும் எழுதுதல் முறையாகும்.

நெல்லும் மரக்கறியும் ஒருங்கே செய்கைபண்ணுவோர் தெளிகருவியையும் மறந்துவிடலாகாது. வயலில் அகன்ற இலைக் களைகளுக்கு எம்.சி.பீ.ஏ. தெளித்த கருவியை ஒரு முறை கழுவிவிட்டுத் தக்காளிக்கோ மிளகாய்க்கோ பூச்சிமருந்து தெளித்தால், குழாயிலும் முனையிலும் எஞ்சிய சிறிதளவு களைகொல்லியே இலைகளை முறுக்கிச் செடிகளைக் கெடுத்துவிடும். இது வைரசு நோயென்று எண்ணி மேலும் மருந்து தெளித்துப் பணத்தை இழந்தோரும் உளர். இயலுமாயின் இரு கருவிகள் வைத்திருக்கவும். ஒன்றின் தாங்கியிலும் கைபிடியிலும் அளவுக் கிண்ணத்திலும் களைகொல்லி என்று தெளிவாக எழுதி, அதனை மரக்கறித் தோட்டத்துக்குக் கொண்டுபோகாதிருத்தல் வேண்டும். வெளிர்நிறத் தாங்கியாயின் அவ்விடத்திற் கறுப்புத் தீந்தையைப் பூசி, அது உலர்ந்தபின் வெள்ளையால் எழுதலாம்.

பழைய வீடுகளின் பரணிலும் கொட்டில்களிலும் பெயரழிந்த போத்தல்கள் சில இருத்தல் கூடும். அவற்றுள் 1998 ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்ட எண்டோசல்பானோ, 2008 ஆம் ஆண்டு தொடங்கிப் படிப்படியாக விற்பனையிலிருந்து நீக்கப்பட்ட பரகுவாற்றோ இருக்கலாம். பரகுவாற்று நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. இத்தகைய போத்தலை முகர்ந்து பார்த்தோ நிறத்தைக் கொண்டோ பெயரிட முயலவேண்டாம். அதன் மீது பெரிய வெள்ளைப் பெருக்கற்குறியொன்றை இட்டுப் பூட்டி வைத்து, கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியருக்கு அறிவிக்கவும். அதனைக் கிணற்றருகிலோ வாய்க்காலிலோ ஊற்றுதலும், போத்தலைக் கழுவி வேறு தேவைக்கு எடுத்தலும் கூடாது.