விருந்துடையும் வீட்டுப் பணியாளரும்

வீட்டில் இரவு உணவு உண்பதற்கும் முறையான உடை அணிவோர் இன்றும் உளரா? அவ்வழக்கம் செழித்திருந்த பிரிட்டனிலேயே அது அரிதாகிவிட்டது. நூறாண்டுகளுக்கு முன், அங்கு வசதிபடைத்த இல்லங்களில் விருந்தினர் வராத நாளிலும் ஆண்கள் கருப்பு கோட்டும் டையும், பெண்கள் நீண்ட கவுனும் அணிந்தே மேசைக்கு வந்தனர்.

இதை நாகரிகம் என்று மட்டும் கொள்வதற்கில்லை. கஞ்சியிட்ட சட்டையைத் தேய்க்கவும், சமைக்கவும், பரிமாறவும் பணியாளர்கள் இருந்தனர். அணிந்தவர் உழைக்கும் தேவையற்றவர் என்பதை நேர்த்தியான உடையே அறிவிக்கிறது என்று அமெரிக்கப் பொருளியல் அறிஞர் தோர்ஸ்டீன் வெப்லென் 1899-இல் விளக்கினார்.

முதல் உலகப் போர்க் காலத்தில் ஆலைகளும் அலுவலகங்களும் பெண்களைப் பெருமளவில் பணியமர்த்தின. வரையறுத்த வேலை நேரத்தையும் கூடுதல் ஊதியத்தையும் கண்டவர்கள், பிறர் வீட்டில் இரவு வரை ஏவல் செய்யத் தயங்கினர். இரண்டாம் உலகப் போர் அவ்வழக்கத்தை ஏறத்தாழ முடித்துவைத்தது. 1941 முதல் 1949 வரை ஆடைகள்கூடப் பங்கீட்டு முறையில்தான் கிடைத்தன. தாமே சமைத்துப் பாத்திரம் கழுவ நேர்ந்தபின் பட்டுக் கவுன் எதற்கு?

இதைப் பண்பாட்டுச் சரிவு என வருந்துவோர் உண்டு. அவர்களின் கணக்கில் பணிப்பெண் இடம்பெறுவதில்லை. அந்த மேசையருகே நின்றே கழிந்த மாலைப்பொழுது அவளுக்கே திரும்பியது. அதையும் வரவில் எழுத வேண்டும்.