விமானம் ஓட்டக் கைப்பலம் வேண்டுமா?



எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றிச் செல்லும் பழைய டிராக்டரை வளைவில் திருப்புகையில், ஓட்டுநரின் புயங்கள் முறுக்கேறுவதைக் கண்டிருப்பீர்கள். "டிராக்டருக்கே இத்தனை பலமென்றால் விமானத்திற்கு எவ்வளவு வேண்டும்? பெண் பிள்ளைக்கு ஆகுமா ஹஜ்ரத்?" என்று எங்கள் மத்ரஸாவில் ஓதிய மாணவி ஒருத்தியின் அத்தா என்னிடம் வினவினார். விமானியாகியே தீருவேன் என்று மகள் பிடிவாதமாக நிற்கிறாளாம்.

கேள்வி நியாயமானதே. சிறு விமானங்களில் விமானியின் கைத்தண்டும் கால்மிதிகளும் கம்பி வடங்கள் வழியாகவே இறக்கையிலும் வாலிலும் உள்ள பலகைகளை அசைக்கின்றன. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அப்பாரத்தைத் தணிக்கவே 'டிரிம்' எனும் ஏற்பாடு உள்ளது. பெரிய விமானங்களிலோ, சதுர அங்குலத்திற்கு 3000 பவுண்டு அழுத்தமுள்ள ஹைட்ராலிக் எண்ணெய் அவ்வேலையைச் செய்கிறது. 1988இல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ320இல் பக்கவாட்டிலுள்ள சிறு கைப்பிடியை அசைத்தாலே போதும். கட்டளையைக் கணினி கொண்டு செல்லும்.

பயணிகள் விமானங்களுக்கான அமெரிக்க விதி இதற்கு வரம்பும் கட்டியுள்ளது. மூக்கை உயர்த்தவோ தாழ்த்தவோ இரு கைகளாலும் சிறிது நேரம் செலுத்த வேண்டிய விசை 75 பவுண்டைத் தாண்டலாகாது. அதாவது 34 கிலோ. நீடித்துப் பிடிப்பதாயின் 10 பவுண்டு, நாலரைக் கிலோ மட்டுமே. நம் பெண்கள் இடுப்பில் சுமந்து வரும் தண்ணீர்க் குடம் இதனினும் கனமானதன்றோ!

ஆயினும் பலம் முற்றிலும் தேவையில்லை என்று கூறிவிட இயலாது. 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியாவில் போயிங் 737 மேக்ஸ் விமானத்தின் மூக்கைப் பழுதான உணரியை நம்பிய கணினி கீழ்நோக்கித் தள்ளியது. மின்சார டிரிம்மைத் துண்டித்த விமானிகள் கைச்சக்கரத்தைச் சுழற்ற முயன்றனர். மிகுந்த வேகத்தில் காற்றழுத்தம் ஏறியிருந்ததால் அது இசையவில்லை. 157 உயிர்கள் பறிபோயின. அவ்விரு விமானிகளும் ஆண்களே. பிழை அவர்களுடைய புயத்தில் இல்லை. விமானத்தின் அமைப்பில் இருந்தது.

சென்னை மாகாண அரசு வாங்கிய 'டவ்' விமானத்தை 1951இல் இங்கிலாந்திலிருந்து கணவர் சுந்தரத்துடன் ஓட்டி வந்தவர் உஷா சுந்தரம். ஏறத்தாழ 27 மணி நேரப் பறப்பு அது! இந்திய விமானிகளில் சுமார் 15 சதவீதத்தினர் பெண்கள் என 2021இல் அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. மருத்துவத் தேர்வில் கண், காது, இருதயம் ஆகியவற்றைச் சோதிப்பார்கள். பளு தூக்கச் சொல்வதில்லை.

இவற்றையெல்லாம் கேட்டபின் அந்த அத்தா கைப்பலத்தைப் பற்றிப் பேசவில்லை. பயிற்சிக்குப் பல இலட்சம் ஆகுமே என்றார். உதவித்தொகைகளைப் பற்றி விசாரித்து வருகிறேன்.