5/2 என்பது தேதியல்ல

தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூரில் ஒரு நிலத்தின் புல எண் 5, உட்பிரிவு 2 என்று வைத்துக்கொள்வோம். பட்டாவில் அது 5/2. நில விவரங்களைத் திரட்டும் ஒரு நிரல் இதை, மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் சி.எஸ்.வி. கோப்பில் எழுதுகிறது, நோட்பேடில் திறந்தால் 5/2 என்றே இருக்கிறது. அதே கோப்பை, நாள் முன்னும் மாதம் பின்னுமாக அமைத்த கணினியில், எக்ஸெலில் திறந்தால் பிப்ரவரி 5 ஆகிவிடுகிறது. 2024-இல் திறந்திருந்தால் கட்டத்துக்குள் உண்மையில் இருப்பது 45327 என்ற எண். 1900 ஜனவரி 1-ஐ ஒன்றெனக் கொண்டு எண்ணிய நாள்கணக்கு அது. (அந்தக் கணக்கில் 1900 பிப்ரவரி 29 என்ற, காலண்டரில் இல்லாத நாளும் உண்டு. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் நிரல் செய்த பிழையை, அதனோடு ஒத்துப்போவதற்காக எக்ஸெல் அப்படியே வைத்துக்கொண்டது.) யாராவது சேமித்து மூடினால் 5/2 போயே போய்விட்டது. எந்த நாளுக்கும் மாதத்துக்கும் பொருந்தாததால் அடுத்த வரியின் 145/2 தப்பிவிடும். எழுத்து ஒட்டியிருப்பதால் 12/3ஏ-வும் தப்பிவிடும். மொத்தமும் கெட்டிருந்தால் பார்த்தவுடன் தெரியும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கெட்டது, ஊர்க் கணக்குகளை ஆண்டுதோறும் சரிபார்க்கும் ஜமாபந்தி வரை தெரியாது.

பழியை எக்ஸெல் மேல் போட்டுவிடலாம்; பலர் அதைத்தான் செய்கிறார்கள். அதில் நியாயமும் உண்டு. மனித மரபணுக்களில் சில, மார்ச், செப்டம்பர் மாதங்களின் ஆங்கிலச் சுருக்கம் போலப் பெயர் கொண்டிருந்ததால் ஆய்வு அட்டவணைகளில் தேதியாக மாறின. கடைசியில் 2020-இல் பெயர் சூட்டும் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டது. தானாக மாற்றுவதை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாப்ட் அதன் பிறகுதான், 2023-இல், எக்ஸெலில் சேர்த்தது. ஆனாலும் அந்த வசதி ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக அமைக்க வேண்டியது. கோப்பு போய்ச்சேரும் கணினி எது என்பது எழுதுபவருக்குத் தெரியாது. 5/2 ஒரு புல எண் என்பது, எழுதும் நேரத்தில், எழுதும் நிரலுக்குத் தெரியும். கோப்புக்குள் போனதும் அந்த அறிவு உதிர்ந்துவிடுகிறது. மிஞ்சுவது மூன்று எழுத்துக்குறிகள். அதனால் பொறுப்பு முதலில் எழுதுபவருடையது என்பேன்.

சி.எஸ்.வி. பார்க்க எளிமையாக இருப்பதுதான் வினை. 1970-களிலிருந்தே புழக்கத்தில் இருந்தும், ஆர்.எஃப்.சி. 4180 என்ற ஆவணமாக அதன் விதிகள் எழுதப்பட்டது 2005-இல்தான். மதிப்புக்குள்ளேயே காற்புள்ளி வந்தால் அதை இரட்டை மேற்கோளுக்குள் வை, மேற்கோள் குறியே வந்தால் அதை இரண்டாக எழுது: முக்கியமான விதிகள் இவ்வளவே. இதுகூடத் தெரியாமல், ஒவ்வொரு மதிப்புக்கும் நடுவே ஒரு காற்புள்ளியைத் தானே ஒட்டி எழுதும் நிரல்கள் ஏராளம். கூட்டுப் பட்டாவில் அண்ணன் தம்பி பெயர்களுக்கு நடுவே காற்புள்ளி இருக்கும். தம்பி பெயர் அடுத்த கட்டத்தில் போய் விழும். வழிகாட்டி மதிப்பு 1,25,000 என்றிருந்தால் ஒரு தொகை மூன்று கட்டங்களாக உடையும். இதற்கான நூலகம் பைத்தான் நிரல்மொழியில் 2003 முதலே கூடவே வருகிறது. அதைத் தொடாமல் கையால் ஒட்டுவது வெறும் சோம்பல். ஆனால் நூலகமும் 5/2-ஐக் காப்பாற்றாது. மேற்கோள் குறி காற்புள்ளியிலிருந்துதான் காக்கும். மேற்கோளுக்குள் வைத்தாலும் எக்ஸெல் அதைத் தேதியாகவே படிக்கும். மேற்கோளுக்கு முன்னால் சமக்குறி போட்டு ஏமாற்றும் தந்திரம் ஒன்று உண்டு. எக்ஸெல் ஏமாறும், ஆனால் மற்ற நிரல்களுக்கு அந்தச் சமக்குறி புல எண்ணின் ஒரு பகுதியாகிவிடும்.

அப்படியானால் எக்ஸெல் கோப்பாகவே கொடுத்துவிடலாமே? அலுவலக மேசையில் பார்ப்பதற்கு மட்டும் என்றால் கொடுக்கலாம். அதில் ஒரு கட்டத்தை உரை என்று குறித்துவைக்க முடியும். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தரவு போகும் பாதையில் அது ஆபத்து. 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரம் அன்றாடக் கணக்கில் ஏறாமல் விடுபட்டது இந்தப் பாதையில்தான். ஆய்வகங்கள் அனுப்பிய சி.எஸ்.வி. கோப்புகளை 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாத பழைய எக்ஸெல் வடிவத்தில் ஏற்றினார்கள். மிஞ்சிய வரிகள் சத்தமில்லாமல் கழிந்தன. ஜேசன் என்ற தரவு வடிவம் இதைவிடத் தேவலை. உரை வேறு, எண் வேறு என்று அதற்குத் தெரியும். கூட்டுப் பட்டாவின் பெயர்களை ஒரு பட்டியலாகவே உள்ளே வைக்கலாம். ஆனால் பைத்தானின் ஜேசன் நூலகம் வேண்டாமென்று சொன்னாலொழியத் தமிழைத் தமிழாக எழுதாது. கம்பைநல்லூர் என்ற பெயரை 72 ஆஸ்கி எழுத்துக்குறிகளாக்கி வைக்கும். எந்த நிரலும் அதைச் சரியாகப் படித்துவிடும், மனிதர்தான் படிக்க முடியாது.

தமிழ் என்றதும் வேறு சிக்கல்களும் சேர்கின்றன. கம்பைநல்லூர் நம் கண்ணுக்கு ஏழு எழுத்து, யூனிகோடில் 12 குறிகள், யூ.டி.எஃப்-8 கோப்பில் 36 பைட். ஊர்ப்பெயருக்கு 20 பைட் போதும் என்று அளந்துவைத்த பழைய நிரலில் ‘கம்பைந’ வரை வந்து, அடுத்த எழுத்தின் முதல் இரண்டு பைட் குப்பையாகத் தொங்கும். அருகிலுள்ள மொரப்பூருக்கு வேறு கதை. அதன் ‘மொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். தேடும் நிரலுக்கு இரண்டு ஊர். எழுதும் முன் யூனிகோட் விதிப்படி ஒரே வடிவுக்குக் கொண்டுவர ஒரு வரி நிரல் போதும். அந்த ஒரு வரியைச் சேர்க்காமல், தமிழில் வைத்தாலே தொல்லை, ஆங்கிலத்தில் வை என்கிறார்கள். ஆங்கிலத்தில் வைத்தால் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். தமிழிலேயே தருமபுரியும் தர்மபுரியும் ஒன்றோடொன்று பொருந்தாத நாட்டில் ஊரை அடையாளம் காட்டப் பெயரை நம்பவே கூடாது. மத்திய ஊராட்சித் துறை அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவு ஊர் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்திருக்கிறது. அந்த எண்ணை ஒரு கட்டத்திலும் தமிழ்ப் பெயரை அடுத்த கட்டத்திலும் எழுதினால் தகராறு தீர்ந்தது.

எந்தக் கட்டத்தில் எது என்பதும் படிப்பவருக்குத் தெரிய வேண்டும். தருமபுரி மாவட்டத்தில் ஏராளமாகக் கிடைக்கும் பல்லவர் கால நடுகற்களில் அரசன், ஆட்சியாண்டு, ஊர், வீரன், அவன் இறந்த பூசல் என்று வரிசை பெரும்பாலும் மாறாது. சிதைந்த கல்லிலும் எந்த இடத்தில் எந்தத் தகவல் இருக்கும் என்று படிப்பவரால் ஊகிக்க முடிவது அதனால்தான். சி.எஸ்.வி.-க்கும் அப்படியொரு வரிசைக் குறிப்பை எழுத வழி வந்துவிட்டது. இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி 2015-இல் வெளியிட்ட பரிந்துரை, தரவுக் கோப்போடு ஒரு சிறு ஜேசன் கோப்பையும் வைக்கச் சொல்கிறது: முதல் கட்டம் புல எண், அது உரை, நான்காவது கட்டம் தேதி, அது இன்ன வடிவில். அதைப் பார்த்துப் படிக்கும் நிரலுக்கு 5/2 பிப்ரவரி ஆகாது. 2012-இல் மத்திய அரசு கொண்டுவந்த தரவுப் பகிர்வுக் கொள்கை, கணினி படிக்கத்தக்க வடிவில் தரவு வேண்டும் என்றே சொல்கிறது. அதன் பிறகும் அட்டவணையை அச்சடித்து, ஸ்கேன் செய்து, பி.டி.எஃப். ஆக்கி வெளியிடும் அலுவலகங்கள் இருக்கின்றன. அவற்றிடம் விவரக்குறிப்புக் கோப்பைக் கேட்குமுன் சி.எஸ்.வி.-யைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.