கை மரத்தலும் தோள் நெருக்கமும்: பந்தல் வேலை செய்வோர் நாடத்தக்க சிகிச்சைகள்

தேனி ஜில்லா கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை ஏறக்குறைய வருஷம் முழுவதும் அறுவடையாகிறது. 2023-ஆம் வருஷம் புவிசார் குறியீடு பெற்ற இப்பழத்தின் பெருமை யாவரும் அறிந்ததே. ஆனால் ஒரு போகம் முடிந்தவுடன் கவாத்து, பிறகு கொடி கட்டுதல், மருந்து தெளித்தல், குலை வெட்டுதல் என்று வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை அண்ணாந்து நின்று, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிச் செய்யவேண்டியவை. பாகல், புடல் பந்தல்களிலும் இதே நிலைமைதான். "கை மரத்துப் போகிறது, சுண்டுவிரல் எரிகிறது, கத்தரி நழுவி விழுகிறது" என்று முறையிடும் ஆண்களையும் பெண்களையும் இத்தோட்டங்களில் காணலாம். அசதி என்றும் வாயு என்றும் இதனைத் தள்ளிவிடுவது வழக்கம். அனேக சமயங்களில் அது அசதியாகவே இருக்கும். எனினும் சிலருக்கு அது டாக்டர்கள் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்று வழங்கும் உபாதையாக இருத்தல் கூடும். பயிர்நோயை விட்டு ஆள்நோயை எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். கவாத்துக் கத்தரியைப் பிடிக்கும் கை தளர்ந்தபின் எந்த ரகத்தை நட்டு என்ன பயன்?

கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் ஐந்து நரம்பு வேர்களும், கைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியும், திரும்பக் கொண்டுவரும் சிரையும் ஓர் இடுக்கான வழியாகவே போகின்றன. கீழே முதல் விலா எலும்பு. மேலே காறை எலும்பு. பக்கத்தில் கழுத்திலிருந்து விலாவுக்கு இறங்கும் ஸ்கலீன் தசைகள். ஒரே மடையில் மூன்று வாய்க்கால்களைத் திருப்பியதைப் போன்ற அமைப்பு இது. கையை உயர்த்தும்போது காறை எலும்பு விலாவை நெருங்குவதால் மடை இன்னும் சுருங்குகிறது. கழுத்தில் அடிபடுதல், காறை எலும்பு முறிந்து கோணலாகக் கூடுதல், தோள் கூனி நெடுநேரம் வேலை செய்தல் ஆகியவற்றாலும் நெருக்கம் உண்டாகும். நூற்றில் ஒருவருக்கோ அதனினும் குறைவானவர்களுக்கோ பிறவியிலேயே கழுத்தில் ஒரு விலா அதிகமாக இருப்பதுண்டு. அவர்களிலும் பெரும்பாலோர் ஒரு தொந்தரவுமின்றி வாழ்கிறார்கள். ஆகவே படத்தில் அது தெரிந்ததைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டுவதில்லை.

எது நெருக்கப்படுகிறதோ அதற்கேற்ப நோய் மூவகைப்படும். நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நரம்பு வகையே. கழுத்து, தோள் வலியும், முன்கையின் உட்புறத்திலும் மோதிர, சுண்டு விரல்களிலும் மரமரப்பும், பிடியில் பலக்குறைவும் காணும். நெடுங்காலம் கவனியாது விட்டால் சிலருக்குக் கட்டைவிரல் அடியிலுள்ள சதை வற்றிப்போகும். இரண்டாவது சிரை வகை: கடும் வேலைக்குப் பின் ஒரு கை மட்டும் திடீரென்று வீங்கி, நீலம் பாரித்து, கனக்கும், சிரையில் இரத்தம் உறைந்ததன் அடையாளம் இது. மூன்றாவதான தமனி வகை மிகவும் அரிது. கை குளிர்ந்து வெளுக்கும். விரல் நுனியில் புண் உண்டாகும். விரலையே இழக்கவும் நேரிடும்.

பின் இரண்டு வகைகளிலும் காலதாமதம் ஆகவே ஆகாது. வீங்கிய கையை எண்ணெய் இட்டு உருவுவதும், கட்டுப் போடுவதும் அபாயகரமானவை. உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் சிகிச்சை, வீக்கம் கண்ட இரண்டு வாரத்திற்குள் செய்தால்தான் நன்கு பலிக்கும். பின்னர் இரத்தம் உறையாதிருக்க மருந்தும், தகுந்தவர்களுக்கு முதல் விலாவை அகற்றும் ரண சிகிச்சையும் தொடரும். தமனி வகைக்குப் பெரும்பாலும் ரண சிகிச்சையே வழி. ஆதலால் "குலை வெட்டு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று இருப்பவர்களைத் தோட்டக்காரர்களே வண்டியேற்றி அனுப்புதல் வேண்டும்.

நரம்பு வகையில் அவ்வளவு அவசரம் இல்லை. ஆனால் நோயை நிச்சயிப்பதுதான் கடினம். கை மரப்பதெல்லாம் இந்நோய் அன்று. மணிக்கட்டில் நரம்பு நெருங்கினாலும், கழுத்து எலும்பின் வட்டு பிதுங்கினாலும் கை மரக்கும். நமது நாட்டில் முக்கியமாகக் கவனிக்கத்தக்கது தொழுநோய். முழங்கையருகில் நரம்பு தடித்துச் சுண்டுவிரல் உணர்ச்சியற்றுப் போவது அதன் அடையாளங்களுள் ஒன்று. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவச மருந்தால் முற்றும் குணமாகக்கூடியது. பீடி, சிகரெட் பிடிப்போருக்குத் தோளிலும் கையின் உட்புறத்திலும் தீராத வலி இருந்தால் நுரையீரல் உச்சியில் கட்டி உண்டா என்று பார்த்தல் அவசியம். நெஞ்சுவலியுடன் கூடிய இடக்கை வலி இருதயத்தைச் சேர்ந்தது. அதற்கு உடனே ஆஸ்பத்திரி.

கழுத்துக்கும் மார்புக்கும் எடுக்கும் எக்ஸ்ரே படமே முதற் சோதனை, செலவும் குறைவு. கைகளை உயர்த்தி மூன்று நிமிஷம் விரல்களை மடக்கி விரிக்கச் செய்து நோயின் குணம் தோன்றுகிறதா என்று டாக்டர் பார்ப்பார். கழுத்தைத் திருப்பி நாடி நிற்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனை, நோயில்லாத பலருக்கும் நாடியை நிறுத்திவிடுவதால், அதனை மட்டும் நம்பி முடிவு செய்யலாகாது. நரம்பு ஓட்டப் பரிசோதனையும், இரத்தக்குழாய்க்கு ஸ்கானும் தேவைப்படலாம்.

நரம்பு வகைக்கு முதற்சிகிச்சை தேகப்பயிற்சியே. பிஸியோதெரபி அறிந்தவர், இறுகிய கழுத்துத் தசைகளை மெல்ல நீட்டவும், தோள்பட்டைத் தசைகளைப் பலப்படுத்தவும், மார்பை ஏற்றாமல் வயிற்றால் மூச்சு விடவும் கற்பிப்பார். குறைந்தது மூன்று மாதம் இடைவிடாது செய்ய வேண்டும். பலர் இங்கேதான் தளர்ந்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பந்தல் வேலைக்காரப் பெண், நாட்டு வைத்தியரிடம் கையை முறுக்கி வலி அதிகமாகி, ஊசிகளுக்கும் செலவழித்து, ஒரு வருஷம் கழித்தே பயிற்சிக்குப் போனார். முதல் மாதத்தில் பலன் காணாது நிறுத்தப் பார்த்தார். மகளின் வற்புறுத்தலால் தொடர்ந்தார். நான்காம் மாதம் இரவில் தூக்கம் வந்தது. முன்போல் முழுநாள் கவாத்து அவரால் இயலவில்லை. நாற்றங்காலில் வேலை பார்க்கிறார், கூலியும் சற்றுக் குறைவுதான். வலியைத் தணிக்கும் மாத்திரைகள் உதவி செய்யும். நோயின் மூலத்தை நீக்கா. ஸ்கலீன் தசையில் போடும் போட்டுலினம் ஊசி சிலருக்குச் சில மாதம் சுகம் தரும், எல்லோருக்கும் பலிப்பதில்லை.

பயிற்சியால் தீராதவர்களுக்கு ரண சிகிச்சை உண்டு. லண்டனில் கூட் என்பவர் 1861-இல் கழுத்து விலாவை வெட்டியெடுத்தார். 1956-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்தவர்கள் இந்நோய்க்கு இப்போதைய பெயரை இட்டார்கள். 1966-இல் ரூஸ் என்பவர் அக்குள் வழியாக முதல் விலாவை அகற்றும் முறையை வெளியிட்டார். காறை எலும்புக்கு மேலே கீறிச் செய்யும் முறையும் வழக்கத்தில் உள்ளது. ரண சிகிச்சைக்கு முன், தசையில் மரப்பு ஊசி போட்டு வலி தணிகிறதா என்று பார்ப்பது நல்ல முன்னறிகுறி. அபாயங்களையும் அறிந்திருத்தல் வேண்டும்: நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுதல், இரத்தப் பெருக்கு, நரம்பில் காயம். வலியும் மரப்பும் நீங்கினாலும் வற்றிய சதை பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆகையால் சதை வற்றத் தொடங்குமுன்பே நிபுணரைக் காண்பது உசிதம்.

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இரத்தக்குழாய் ரண சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. கம்பம் பக்கத்தார் முதலில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உடையவர்கள், தங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை அதில் அடங்குமா என்பதை அட்மிஷனுக்கு முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளட்டும். போகும்போது, எந்த விரல், எந்த வேலையின்போது, எவ்வளவு நேரத்தில் மரக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பெரிய ஒத்தாசையாகும்.

தோட்டத்தில் செய்யத்தக்கவையும் சில உண்டு. பந்தலின் கீழ் உறுதியான பலகை முக்காலி போட்டு நின்றால் கை தோளுக்கு மேல் அதிகம் உயராது. கவாத்து செய்வோரையும் கீழே தழை பொறுக்குவோரையும் அரைமணிக்கொரு முறை மாற்றிவிடலாம். பதினாறு லிட்டர் தெளிப்பானை ஒரு தோளில் மாட்டுதல் கூடாது. இரண்டு வாரையும் அகலமான துணி சுற்றி மாட்டி, பாதியளவே நிரப்பி இரண்டு நடையாக அடிக்கலாம். மரப்பு கண்டவரைக் கவாத்திலிருந்து நீக்கி, அதே கூலியில் வேறு வேலைக்கு விடும் தோட்டக்காரர் சின்னமனூர்ப் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். அதனால் தமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை என்றும், பழகிய ஆட்கள் வேறு தோட்டத்துக்குப் போவதில்லை என்றும் அவர் சொல்லுகிறார்.