ஸ்டியரிங் ஏன் கனத்தது?

ஓடிக்கொண்டிருக்கும் காரின் முன்புறத்திலிருந்து 'படார்' என்று ஓர் ஓசை. அதுவரை இரண்டு விரல்களால் சுழற்றிவந்த ஸ்டியரிங் வளையம் கல்லாய்க் கனக்கிறது. வண்டி தம் வசத்தில் இல்லை என்று எண்ணி ஓட்டுபவர் பதறுகிறார். உண்மையில் அறுந்தது ஒரு ரப்பர் பெல்ட், அவ்வளவுதான். வளையத்தையும் சக்கரங்களையும் இணைக்கும் இரும்புத் தண்டுகள் முன்போலவே இருக்கின்றன. அவர் திருப்பினால் வண்டி திரும்பும். ஆனால் முழு வேலையையும் அவருடைய கைகளே செய்தாக வேண்டும்.

இதுவரை அவ்வேலையைச் செய்தது எது? எண்ணெய். எஞ்சினின் கிராங்க் தண்டிலுள்ள கப்பி, பெல்ட்டின் வழியாக ஒரு சிறு பம்பைச் சுழற்றுகிறது. வண்டி நேராகச் செல்லும்போது பம்பு அனுப்பும் எண்ணெய் வெறுமனே சுற்றிவருகிறது. வளையத்தைத் திருப்பியதும் அதன் அடியிலுள்ள மெல்லிய முறுக்குத் தண்டு சற்றே முறுகுகிறது. அம்முறுக்கு வால்வைத் திறந்துவிட, எண்ணெய் பிஸ்டனின் ஒரு பக்கத்தைத் தள்ளுகிறது. அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 70 மடங்குக்கு மேலும் உயரக்கூடும். அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின்மீதும் ஓர் ஆளை ஏற்றி நிறுத்தியது போல! அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1920களில் உருவாக்கிய இம்முறை, 1951இல் கிரைஸ்லர் இம்பீரியல் கார்களில் விற்பனைக்கு வந்தது.

வழவழப்பான ரப்பர்ப் பட்டை இரும்புக் கப்பியை வழுக்காமல் எப்படிச் சுழற்றுகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. படகைக் கட்டுபவர் கயிற்றைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை ஒரு கையால் பிடித்துக்கொள்கிறார், படகு நகர்வதில்லை. சுற்றும் கோணம் கூடக் கூட, கயிற்றின் இரு முனைகளிலும் உள்ள இழுவிசைகளின் விகிதம் அடுக்குக்குறி முறையில் பெருகுகிறது. உராய்வுக் கெழு 0.3, சுற்று அரைவட்டம் என்று கொள்வோம். தட்டையான பெல்ட்டில் அவ்விகிதம் சுமார் 2.5தான். பெல்ட்டின் குறுக்குவெட்டை ஆப்பு வடிவில் செய்து, 38 பாகைக் கோணமுள்ள பள்ளத்தில் பதித்தால் அது 18 ஆகிவிடுகிறது! மரத்தைப் பிளக்கும் ஆப்பு போலப் பெல்ட் பள்ளத்தின் இரு சுவர்களையும் நெருக்குவதே காரணம். கணக்குத் தெரிந்த மாணவர்கள் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

தளர்ந்த பெல்ட் நெருக்காது, வழுக்கும். பற்றியும் நழுவியும் அது அதிர்வதால் 'கீச்'சென்ற ஒலி எழும். வளையத்தைக் கடைசிவரை திருப்பிப் பிடித்திருக்கும்போது பம்பின் சுமை உச்சத்தில் இருக்கும். கூச்சலும் அப்போதுதான் அதிகம். வழுக்கலால் வெப்பம், வெப்பத்தால் ரப்பரில் வெடிப்பு, பிறகு ஒருநாள் அறுந்துபோகும். ஆகவே அந்தக் கூச்சலைக் கேட்டும் மாதக்கணக்கில் ஓட்டுவது சிக்கனம் அன்று.

அறுந்துவிட்டால் என்ன செய்வது? வளையத்தை இரு கைகளாலும் இறுகப் பற்றி, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து ஓரங்கட்ட வேண்டும். ஓடும்போது சாவியை உருவவே கூடாது. ஸ்டியரிங் பூட்டு விழுந்துவிட்டால் இருந்த பிடியும் போய்விடும். நிற்கும் வண்டியில் வளையத்தோடு மல்லுக்கட்டுவதும் வீண். நிற்கும் டயரைத் திருப்புவது ரப்பரைத் தரையில் அரைப்பதற்கு ஒப்பாகும். உருளும் டயரிலோ ஒவ்வொரு கணமும் புதிய பகுதி தரையைத் தொடுவதால் எதிர்ப்புக் குறைவு. வண்டியைச் சற்றே நகரவிட்டுத் திருப்புங்கள்.

அடுத்து பேனட்டைத் திறந்து, அந்தப் பெல்ட் வேறு எதையெல்லாம் சுழற்றியது என்று பார்க்க வேண்டும். பம்புக்கு மட்டுமே உரியதானால் பழுதுபார்க்கும் இடம்வரை மெதுவாக ஓட்டிச் செல்லலாம். பல கார்களில் ஒரே நீண்ட பெல்ட் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர்ப் பம்பையும் சேர்த்தே சுழற்றும். பாட்டரி விளக்கு எரிந்து, வெப்பமானியின் முள்ளும் ஏறினால் எஞ்சினை உடனே நிறுத்துக. நீர் சுற்றாத எஞ்சின் சில நிமிடங்களில் கெட்டுவிடும். இழுத்துச் செல்லும் செலவு அதற்கு முன் ஒன்றுமே இல்லை. சில டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடப் பம்பும் ஆல்டர்னேட்டரோடு இணைந்திருக்கும். அங்கே பெல்ட் அறுந்தால், பிரேக் மிதியும் இரண்டொரு அழுத்தங்களுக்குப் பின் கனத்துவிடும். இதை அறிந்தவர் குறைவு.

1988இல் ஜப்பானின் சுசுகி செர்வோ காரில் தொடங்கிய மின்சார ஸ்டியரிங்கில் எண்ணெயும் இல்லை, பெல்ட்டால் சுழலும் பம்பும் இல்லை, மோட்டாரே உதவுகிறது. இன்றைய புதிய கார்களில் பெரும்பாலானவை இவ்வகையே.

பழைய வகைக் கார் வைத்திருப்போர் புதுப் பெல்ட் மாட்டுமுன், எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கப்பியையும் கையால் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பேரிங் இறுகிய கப்பியோ, எண்ணெய்க் கசிவோ இருந்தால் புதுப் பெல்ட்டும் சீக்கிரமே அறுந்துவிடும்.