ஒடியல் மாவை ஊறவைப்பது ஏன்?

மாசி வெயிலில் அச்சுவேலி, இடைக்காடு, பத்தமேனிப் பக்கம் போனால் முற்றங்களில் பிளந்த பனங்கிழங்கு காய்வதைக் காணலாம். பாத்தியில் அடுக்கிய பனங்கொட்டை மாரி மழையைக் குடித்து மண்ணுக்குள் இறக்கிய முளைதான் அது. பச்சையாகப் பிளந்து காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுவையோடு நின்றுவிடுவதில்லை.

கொட்டை தரும் உணவுகள்

இளங்கொட்டைதான் நுங்கு. பெரும்பகுதி நீர் என்பதால் பங்குனி, சித்திரை வெக்கைக்கு நல்லது. முளைவிட்ட கொட்டையை வெட்டினால் உள்ளே பஞ்சுபோல் பூரான் இருக்கும், பிள்ளைகள் விடமாட்டார்கள். கிழங்கிலோ மாப்பொருளும் நார்ச்சத்தும் மிகுதி. நார் மலச்சிக்கலுக்கு உதவும். ஆனால் நீரிழிவு உள்ளவர்கள் கிழங்கைக் கணக்கில் சேர்க்காமல் சாப்பிடுவது பிழை. பிட்டோ சோறோ அந்த நேரத்துக்குக் குறைய வேண்டும்.

வடித்து ஊற்றும் தண்ணீர்

கூழுக்கும் பிட்டுக்கும் ஒடியல் மாவை எடுக்கும்போது நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மா அடைந்தபின் மேல்தண்ணீரை வடித்து ஊற்றுவது நம் அம்மம்மாக்களின் வழக்கம். கேட்டால் கசப்புப் போகத்தான் என்பார்கள். அந்தக் கசப்பை அலட்சியம் செய்யக்கூடாது. 1971 இல் இலங்கை ஆய்வாளர்கள் பனங்கிழங்கு மாவைத் தொடர்ந்து உண்ட எலிகளின் ஈரல் பாதிக்கப்பட்டதை வெளியிட்டார்கள். நரம்பைத் தாக்கும் நச்சுத் தன்மையும் பின்னர் தெரியவந்தது. நன்றாகச் சூடாக்கினால் அது செயலிழந்துவிடும்.

எலிக்கு நடந்ததெல்லாம் மனிதருக்கும் நடக்கும் என்பதல்ல. எப்போதாவது குடிக்கும் ஒரு கோப்பை கூழுக்காக யாரும் பயப்படத் தேவையில்லை. எனக்குக் கவலை தருவது புதுப் பழக்கம்தான்: இயற்கை உணவு என்று சொல்லிப் பச்சை ஒடியல் மாவைப் பாலிலோ மோரிலோ கலக்கி நாள்தோறும் குடிப்பது. ஊறவைக்காமல், வடிக்காமல், வேகவைக்காமல் அதைச் சாப்பிடாதீர்கள். ஈரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடுவது நல்லது. பூஞ்சணம் பிடித்த ஒடியலை வெயிலில் போட்டு மீட்கப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

பழத்தின் கசப்பு

பனம்பழக் களியின் செம்மஞ்சள் நிறம் கரோட்டினால் வருவது. உடல் அதிலிருந்து விற்றமின் ஏ எடுத்துக்கொள்ளும். களியின் கசப்புக்குக் காரணம் ஃபிளாபெல்லிஃபெரின் என்ற பொருள்கள். இவை குடல் சர்க்கரையை உறிஞ்சுவதை எலிகளில் குறைப்பதாக ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜான்ஸ் குழுவினர் கண்டார்கள். அதை வைத்துப் பனாட்டை நீரிழிவு மருந்தாக்கிவிட முடியாது. களியைப் பாயில் ஊற்றி ஊற்றிக் காயவைத்துப் பனாட்டாக்கும்போது அதன் இனிப்பும் செறிந்துதான் போகிறது.

தேத்தண்ணியும் பனங்கட்டியும்

சீனியை விட்டுவிட்டேன், பனங்கட்டிதான் கடிக்கிறேன் என்று பெருமையாகச் சொல்பவர்கள் ஊரில் பலர். பனங்கட்டியில் கொஞ்சம் தாது உப்புகள் இருப்பது உண்மை. ஆனால் அதன் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்குரோசுதான். கருப்பணிக்கும் இதே கணக்கு. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் கிளினிக்கில் உணவைப் பற்றிக் கேட்கும்போது பனங்கட்டித் துண்டுகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரத்தச் சர்க்கரை ஏன் குறையவில்லை என்பது மருத்துவருக்கும் பிடிபடாது.