வேரில் முளைக்கும் புதுமுடிக்கு அவசரம் வேண்டாம்

அமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் பிரிட்டனிலும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் கறுப்பினப் பெண்கள் லட்சக்கணக்கானோர் தங்கள் அடர்ந்த சுருட்டை முடியை நேராக்க ரிலாக்ஸர் என்னும் ரசாயனக் களிம்பைப் பூசிக்கொள்கிறார்கள். ஒருமுறை நேரான முடி நேராகவே இருந்துவிடும். வேரிலிருந்து வளர்வதோ பிறவிச் சுருளோடுதான் வரும். ஆறேழு வாரம் போனதும் நேர்முடிக்கு அடியில் சுருட்டை தடித்துத் தெரியும். சீப்பு அங்கே போய் நிற்கும். உடனே புதுமுடிக்குக் களிம்பு பூசும் அடுத்த ‘டச்-அப்’புக்கு நாள் குறித்தாக வேண்டும் என்ற பதற்றம் தொற்றிக்கொள்ளும். ரிலாக்ஸரால் வரும் கேடு, அது எத்தனை முறை தலையில் ஏறுகிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. ஆகவே இரண்டு பூச்சுக்கு நடுவே புதுமுடியைப் பக்குவமாகப் பார்த்துக்கொள்வதை அழகுக் குறிப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. அது உடல்நலப் பாதுகாப்பு. அந்த இடைவெளியை யாருக்கும் அஞ்சாமல் தானே தீர்மானிக்க முடிவது ஒரு பெண்ணின் உரிமை.

களிம்பு என்ன செய்கிறது?

முடிக்கு வடிவம் கொடுப்பது கெராட்டின் என்னும் புரதம். அதன் இழைகளைக் குறுக்கே இழுத்துப் பிடித்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். ரிலாக்ஸரில் உள்ள கடும் காரப்பொருள் இந்தப் பிணைப்புகளை உடைத்துவிடுகிறது. உடைந்தவை பழையபடி சேர்வதில்லை. ‘லை’ வகையில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது குழாய் அடைப்பெடுக்க நாம் வாங்கும் அதே காஸ்டிக் சோடா. அளவு குறைவுதான் என்றாலும் களிம்பின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 12-ஐத் தாண்டியே இருக்கும். ‘நோ-லை’ என்று விற்பதில் பெரும்பாலும் கால்சியம் ஹைட்ராக்சைடும் குவானிடின் கார்பனேட்டும் கலக்கப்படுகின்றன. இது தலைத்தோலைச் சற்றுக் குறைவாக உறுத்தும்; ஆனால் முடியில் கால்சியம் படிந்து வறட்சியாக்கும். காஸ்டிக் சோடா இல்லை என்பதால் காரமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வீட்டு உபயோகத்துக்கான முடி நேராக்கியில் சோடியம் ஹைட்ராக்சைடு 2 சதவீதத்தையும், தொழில்முறை உபயோகத்துக்கானதில் 4.5 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. கண்ணில் பட்டால் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கையும் பெட்டியில் இருந்தாக வேண்டும். பொருளின் தன்மையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விதியே போதும்.

ஆறு வார இடைவெளி ஏன் போதாது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். இறுகிய சுருட்டை முடி மற்ற வகைகளைவிடச் சற்று மெதுவாகவே வளரும். மாதத்துக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் என்று கொள்ளலாம். ஆறு வாரத்தில் 11 மில்லிமீட்டர். களிம்பு தோலில் படாமலிருக்க வேரிலிருந்து கால் அங்குலம், அதாவது சுமார் 6 மில்லிமீட்டர், தள்ளிப் பூச வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். மிச்சம் 5 மில்லிமீட்டர். அதுவும் இழுத்துப் பிடித்தால்தான் அந்த நீளம். சுருண்டு கிடக்கையில் பாதிகூடத் தெரியாது. அந்தச் சின்ன இடத்தில் மட்டும், ஏற்கெனவே நேரான பகுதியில் படாமல் களிம்பு வைப்பது கைதேர்ந்தவருக்கே கடினம். பிணைப்பு அறுந்த பகுதியில் திரும்பத் திரும்பக் களிம்பு ஏறினால் இழை மெலிந்து முறியும். பன்னிரண்டு வாரம் பொறுத்தால் 22 மில்லிமீட்டர் கிடைக்கும். வகிடு வகிடாகப் பிரித்து, பழைய பகுதிக்குப் பெட்ரோலியம் ஜெல்லி தடவிக் காபந்து செய்து, புதுமுடியில் மட்டும் பூச அப்போதுதான் இடம் இருக்கும்.

ஆய்வுகள் சொல்வது

முடி முறிவதோடு விஷயம் முடிவதில்லை. தலைத்தோல் புண்ணாவது ரிலாக்ஸர் போடுவோர் பலரும் அறிந்தது. ‘எரிந்தால்தான் பிடிக்கிறது என்று அர்த்தம்’ என்ற பேச்சு தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. எரிச்சல் என்பது தோல் வெந்துகொண்டிருப்பதன் அறிகுறி. வெந்த தோல் வழியாக ரசாயனங்கள் உடலுக்குள் போவதும் எளிதாகிறது. அப்படிப் போகக்கூடியவை எவை? அமெரிக்காவின் சைலன்ட் ஸ்பிரிங் ஆராய்ச்சி நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கறுப்பினப் பெண்கள் பயன்படுத்தும் 18 முடிப் பொருள்களைச் சோதித்து, ஹார்மோன்களின் வேலையைக் குலைக்கக்கூடியவை உட்பட 45 ரசாயனங்களைக் கண்டார்கள். அவற்றில் 84 சதவீதம் பெட்டியில் குறிப்பிடப்படவே இல்லை. நறுமணக் கலவையின் உட்பொருள்களை ‘வாசனை’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட அமெரிக்க விதிகள் இடம் கொடுப்பதும் இதற்கு ஒரு காரணம். தடைக்கோ கட்டுப்பாட்டுக்கோ உள்ளான ரசாயனங்கள் அதிகம் இருந்தவை குழந்தைகளுக்கென்று விற்ற ரிலாக்ஸர்கள்.

அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 33,497 பெண்களை ஏறத்தாழ பதினோரு ஆண்டு பின்தொடர்ந்து, 2022 அக்டோபரில் முடிவை வெளியிட்டார்கள். முடி நேராக்கி பயன்படுத்தாத பெண்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், முந்தைய ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம். இந்த எண்ணிக்கைதான் நம் கணக்கோடு வந்து சேர்கிறது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது முறை. பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் நான்கு. 44,798 கறுப்பினப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு 2023-இல் வந்தது. மாதவிடாய் நின்ற பெண்களில், ஆண்டுக்கு இருமுறைக்கு மேலோ ஐந்தாண்டுக்கு மேலோ ரிலாக்ஸர் போட்டவர்களுக்கு அபாயம் 50 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தது. எனவே நான்கு முறை வரை பத்திரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குறையக் குறைய நல்லது என்பதே இதன் சாரம்.

எதிர்வாதங்கள்

‘தொடர்பு இருக்கிறது என்பதால் இதுதான் காரணம் என்று ஆகிவிடுமா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2022 ஆய்வில் எந்த நிறுவனத்தின் பொருள், அதில் என்ன இருந்தது என்று கேட்டறியவில்லை. அதில் சேர்ந்தவர்கள் அனைவரும் மார்பகப் புற்றுநோய் வந்த சகோதரியைக் கொண்டவர்கள். கருப்பைப் புற்றுநோய் பொதுவாக அரிதானது என்பதும் உண்மை. ஆனால் பயன்பாடு கூடக்கூட அபாயமும் கூடுவதும், வேறொரு பெண்கள் குழுவிலும் தொடர்பு தென்படுவதும் சேரும்போது, முழு நிரூபணம் வரும்வரை பழைய வேகத்திலேயே பூசிக்கொண்டிருப்போம் என்பது விவேகமாகாது. அமெரிக்காவில் கருப்பைப் புற்றுநோயால் இறப்பவர்களின் விகிதம் வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களிடையே அதிகம். ஏற்கெனவே சுமை கூடியவர்கள் இன்னொரு சுமையைக் குறைத்துக்கொள்ள முழுச் சான்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இடைவெளியை நீட்டுவதற்குச் செலவும் கிடையாது.

‘இடைவெளி நீண்டால்தான் முடி கொத்துக்கொத்தாக உதிர்கிறது’ என்பது அனுபவத்திலிருந்து வரும் எதிர்ப்பு. அதில் பாதி உண்மை. வலுவான சுருளும் வலுவிழந்த நேர்முடியும் ஒரே இழையில் சந்திக்கும் இடம்தான் மிகவும் நலிந்தது. சீப்பை வேகமாக இழுத்தால் அங்கேதான் அறும். அது அறுவது பெரும்பாலும் கையாளும் முறையால். எட்டாவது வாரத்திலும் இரண்டாவது வாரத்தைப் போலவே தலைவாரினால் முறியத்தான் செய்யும். இதற்கு நேர் எதிராக, ‘அந்த ரசாயனமே வேண்டாம், அடியோடு விட்டுவிடுங்கள்’ என்பவர்களும் இருக்கிறார்கள். உடல்நலக் கணக்கில் அவர்கள் சொல்வதே சரி. பலர் இடைவெளியை நீட்டி நீட்டி, கடைசியில் பழைய நேர்முடியை வெட்டிவிட்டுப் பிறவிச் சுருளுக்கே திரும்பியிருக்கிறார்கள். ஆனால் இன்று விட முடியாத ஒரு பெண்ணைக் குற்றவாளியாக நிறுத்துவதால் அவள் தலைத்தோலுக்கு எந்த நன்மையும் இல்லை. அடுத்த பூச்சை ஒரு மாதம் தள்ளிப்போட வழி சொல்வது அவளுக்குப் பயன்படும்.

இடைக்காலத்தில் செய்ய வேண்டியவை

புதுமுடியைக் காய்ந்த நிலையில் ஒருபோதும் சீவக் கூடாது. தலைக்குக் குளிக்கும்போது கண்டிஷனரை நிறையத் தடவி, முடியை நான்கு அல்லது ஆறு பாகமாகப் பிரித்து, முதலில் விரலாலும் பிறகு அகலப் பல் சீப்பாலும் நுனியிலிருந்து வேரை நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். சுருளும் நேரும் சேரும் இடத்தை இரு விரலால் பிடித்துக்கொண்டு அதற்குக் கீழே சீவினால் இழுவிசை அங்கே ஏறாது. வாரம் ஒருமுறை ஆழ்ந்து ஊறும் கண்டிஷனர், அவ்வப்போது புரதச் சத்துள்ள கண்டிஷனர், இரவில் சாடின் துணிக் கட்டு ஆகியவை முறிவைக் குறைக்கும். இரண்டு விதமான முடியும் ஒன்றுபோலத் தெரிய வேண்டுமானால் நேராக்க முயல்வதைவிட நேர்முடியை நெளியச் செய்வது எளிது. ஈரத்தில் தளரப் பின்னி உலர்ந்ததும் அவிழ்ப்பதும், ரோலர் சுற்றுவதும் இதற்கு உதவும். வேரோரத்தை நேராக்க வாராவாரம் இஸ்திரிச் சூடு வைப்பது ரசாயனத்தை விட்டுத் தீயைப் பிடித்த கதையாகிவிடும்.

புதுமுடியை மறைக்கச் சிலர் இறுக்கப் பின்னி அதன்மேல் சவுரி முடியை வைத்துத் தைத்துக்கொள்கிறார்கள். தளரப் பின்னினால் பாதகமில்லை. ரிலாக்ஸர் போட்ட முடியை இறுக்கி இழுத்தால் நெற்றியோரமும் காதோரமும் முடி கொட்டும். இழுவையால் வரும் இந்த வழுக்கை, தொடக்கத்திலேயே இழுப்பதை நிறுத்தினால் சரியாகும். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் வேரே தழும்பாகிவிடும். பின்னிய அன்று நெற்றி வலித்தாலோ பொடிப்பொடியாகக் கொப்புளம் கண்டாலோ அன்றே அவிழ்த்துவிட வேண்டும்.

பூசும் நாள் வந்தால், அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள் தலைக்குக் குளிப்பதையும் சொறிவதையும் தவிர்க்க வேண்டும். தோலில் சிராய்ப்போ புண்ணோ இருந்தால் நாளைத் தள்ளிப்போட வேண்டும். பெட்டியில் சொன்ன நேரத்தை ஒரு நிமிடமும் தாண்டக் கூடாது. கழுவும்போது காரத்தை முறிக்கும் ஷாம்பூ அவசியம். சில ஷாம்பூக்களில் களிம்பு மிச்சமிருக்கும்வரை நுரை இளஞ்சிவப்பாக இருக்கும். நுரை வெள்ளையாகும்வரை அலச வேண்டும். எரிச்சல் தொடங்கினால் பாதியிலேயே கழுவிவிடுவதே சரி. கண்ணில் பட்டால் குறைந்தது பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பல்லாண்டு ரிலாக்ஸர் போட்டவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு கண்டால் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது.

உரிமையும் தீர்வும்

இத்தனையும் தெரிந்தும் ஒரு பெண் ஆறாவது வாரமே டச்-அப்புக்கு ஓடுகிறாள் என்றால், பல நேரம் அவளை ஓட வைப்பது அலுவலகமும் பள்ளியும்தான். சுருட்டை வெளியே தெரிந்தால் ‘ஒழுங்கற்ற தோற்றம்’ என்ற முத்திரை விழுகிறது. அமெரிக்காவின் அலபாமாவில் சடைத்திரி (டிரெட்லாக்ஸ்) முடியை வெட்ட மறுத்த ஒரு பெண்ணுக்குத் தரவிருந்த வேலை பறிபோனது. அதை எதிர்த்த வழக்கில், சிகையலங்காரம் மாற்றக்கூடியது என்பதால் அது இனப்பாகுபாடு ஆகாது என்று 2016-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்றக்கூடியது என்பது எந்த விலையில் மாற்றக்கூடியது என்ற கேள்வியை அந்தத் தர்க்கம் எழுப்பவில்லை. மேலே பார்த்த புண்ணும் முறிவும் அபாயமும்தான் அந்த விலை. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பள்ளி மாணவிகள் தங்கள் இயல்பான முடிக்கு எதிரான விதிகளை எதிர்த்துப் போராடினார்கள்.

நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது. 2019-இல் கலிஃபோர்னியா முதன்முதலாகக் ‘கிரவுன்’ சட்டம் இயற்றி, முடியின் இயல்பையும் அதோடு சேர்ந்த அலங்காரங்களையும் இனப்பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பில் சேர்த்தது. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதைப் பின்பற்றின. நாடு முழுமைக்குமான மசோதா 2022 மார்ச்சில் கீழவையில் நிறைவேறியும் மேலவையைத் தாண்டவில்லை. பிரிட்டனில் சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2022-இல் இதுபற்றிப் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. கிரவுன் சட்டம் உள்ள மாநிலத்தில், முடியை நேராக்கிக்கொண்டு வா என்று முதலாளி சொன்னால் மாநிலக் குடிமை உரிமைகள் துறையிடம் முறையிடலாம். கூட்டாட்சியின் சம வேலைவாய்ப்பு ஆணையத்திலும் புகார் தரலாம். அதற்குக் கெடு 180 நாள், மாநிலத்தில் அத்தகைய அமைப்பு இருந்தால் 300 நாள். வாய்மொழியாகச் சொன்னதையும் தேதியோடு எழுதி வைத்துக்கொள்வது புகாருக்கு வலு சேர்க்கும்.

பொருளால் பாதிக்கப்பட்டவருக்கும் வழி இருக்கிறது. அமெரிக்காவில் அழகுப் பொருள்கள் விற்பனைக்கு முன் அரசின் ஒப்புதல் பெற வேண்டியதில்லை. அதனால்தான் பாதிக்கப்பட்டவர் செய்யும் புகார் முக்கியமாகிறது. 2022 டிசம்பரில் வந்த அழகுப் பொருள் ஒழுங்குமுறைச் சட்டம், கடுமையான தீக்காயம், பெருமளவு முடி உதிர்தல் போன்றவற்றைத் தீவிர பாதிப்பு என்று வரையறுக்கிறது. அத்தகைய தகவல் கிடைத்த 15 வேலைநாளுக்குள் நிறுவனம் அதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வுக்குத் தெரிவித்தாக வேண்டும். புகார் தெரிவிப்பதற்கான தொடர்பு விவரமும் பெட்டியில் இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் ‘மெட்வாட்ச்’ என்னும் புகார் ஏற்பாட்டின் வழியாக எஃப்.டி.ஏ.விடம் நேரடியாகவும் சொல்லலாம். பெட்டி, அதன் தொகுதி எண், ரசீது, காயத்தின் படம், மருத்துவர் சீட்டு ஆகியவற்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும். சலூனில் பூசியிருந்தால் எந்தப் பொருள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வெந்த தலையை விதியென்று பொறுத்துப் போன ஒவ்வொருவரும் ஒழுங்குமுறை அமைப்பின் கணக்கில் வராமல் போகிறார்கள். கணக்கில் வராத காயத்துக்காக எந்த நிறுவனமும் கலவையை மாற்றாது.

ஆண்டுக்கு எத்தனை முறை அந்தக் களிம்பு தன் தலையில் ஏற வேண்டும், அல்லது ஏறவே வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவள் அந்தப் பெண் ஒருத்திதான். அவள் தெரிந்து முடிவெடுக்க உள்ளடக்கத்தை முழுமையாகச் சொல்வது தயாரிப்பாளர் கடமை. அஞ்சாமல் முடிவெடுக்கச் சட்டத்தை நாடு முழுமைக்கும் விரிப்பது அரசின் கடமை. இவை நிறைவேறும்வரை காத்திராமல் இன்றே அவளால் செய்யக்கூடியது, அடுத்த டச்-அப்புக்குக் குறித்த தேதியை நான்கு வாரம் தள்ளி எழுதுவது.